ஸ்டேஷன் இல்லாத இடம்

கருங்கல் ஆக்கர் கடையில்
அசனார் கண்ணு அதைத் தராசில்தான் வைத்தார்.
ஒன்றே முக்கால் கிலோ.
பிளாஸ்டிக் விலையா இரும்பு விலையா என்று
அவருக்கே குழப்பம்.
நூற்றைம்பது கொடுத்தேன்.
அன்றைக்கு மீன் வாங்கவில்லை.

பேர் இல்லை.
தகடு இருந்த இடத்தில் இரண்டு துளை,
நடுவே வெயில் படாத ஒரு விரற்கடை நிறம்.
விளக்கெண்ணெய் தொட்டுத் துடைத்தும்
எழுத்து ஒன்றும் எழும்பி வரவில்லை.

பின்மூடியை ஒரு ரூபாய்க் காசால் திருகினேன்.
பெரிய கட்டை நாலுக்கு இடம்.
கம்பிச்சுருளில் பச்சைக் களிம்பு.
ஒட்டியிருந்த தாளில்
எட்டு டிரான்சிஸ்டர் என்பது வரை வாசிக்கலாம்,
மிச்சம் ராமபாணம் தின்றது.
எப்.எம். கிடையாது.
டயலில் கொழும்பு, கராச்சி, ரங்கூன்.
ரங்கூனுக்கு ரங்கூன் என்றே பேர் இருந்த
காலத்துப் பெட்டி.
மீடியம் வேவில், ஆயிரம் தாண்டி,
கண்ணாடி மேல் ஒரு சிவப்புப் பொட்டு.
குங்குமம் என்று சுரண்டினேன்.
நகப்பாலிஷ்.

திருவட்டாறு வில்பிரட்
அதைக் குப்புறப் போட்டுப் பார்த்தான்.
"ஜப்பான்காரன் மாதிரி இருக்கு.
கல்கத்தாவுல பூட்டினதாட்டும் இருக்கும்.
பேரு தெரிஞ்சு என்னக்கா செய்யப் போறிய,
ரேஷன் கார்டுல சேக்கவா?"
களிம்புக்கு எலுமிச்சம்பழம் தேய்த்தான்.
இயர்போன் துளையில் ஓர் ஊசியைச் செருகி
பத்துத் தடவை உருவினான்.
பதினோராவதில் பெட்டி இருமியது.
ஸ்பீக்கர் காந்தத்தில் மயிர் மயிராய்
கறுப்பு மணல் ஒட்டி நின்றது.
துணியை எடுத்தான்.
அது கிடக்கட்டும் என்றேன்,
ஏனென்று அப்போது தெரியாது.

வீட்டில் பழகினோம்.
முகத்தைத் திருவனந்தபுரம் பக்கம் காட்டினால்
மலையாளம் கணீரென்று வரும்.
விலாவைக் காட்டினால்
அதே ஆள் கிணற்றுக்குள் போய்விடுவார்.
ராத்திரி ஏற ஏற
பெயர் தெரியாத பாஷைகள் கிட்டே வரும்.

சிவப்புப் பொட்டில் மட்டும் யாரும் இல்லை.
காலையில் இல்லை, சந்தியில் இல்லை,
ஞாயிற்றுக்கிழமை இல்லை, பெரிய வெள்ளிக்கும் இல்லை.
மணல் வறுக்கிற சத்தம்.

ஐப்பசி. குலசேகரத்துக்கு மேலே எஸ்டேட்.
மூன்று மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டி
முதல் மரத்தில் கத்தி வைத்தேன்.
போனில் கோடு ஒன்றும் இல்லாத சரிவு.
பெட்டியை ஒரு கிளைக்கவட்டில் மாட்டி
முள்ளைப் பொட்டில் விட்டிருந்தேன்,
வெறும் பிடிவாதம்தான்.

பட்.
பிறகு, பட் பட்.
வானத்தில் நட்சத்திரம் முழுக்க இருந்தது.
இருபது மரம் வெட்டினேன்.
சிரட்டைக்குள் பால் சொட்டுகிற சத்தத்தைவிட
பெட்டி வேகமாய்ப் பொரிந்தது.
நாற்பதாவது மரத்தில்
பேச்சிப்பாறை மலைக்குப் பின்னால்
சத்தமில்லாமல் ஒரு வெளிச்சம்.
கத்தியை இடுப்பில் செருகினேன்.
சிரட்டைகளை வழித்தேன்,
பாதிதான் நிறைந்திருந்தது,
ஆனாலும் பால்.

இடி பிறகுதான் வந்தது.
மழை அதற்கும் பிறகு.
பக்கத்து பிளாக்கில் றோஸ்லெட் பாய் வெட்டின
முந்நூறு மரமும்
ஓடையில் வெள்ளையாய் இறங்கிப் போயிற்று.

பால் ஷெட்டில் நனைந்து நின்றபோது
காந்தத்து மணல் நினைவு வந்தது.
மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணல்.
ஆள் பேசுகிற இடத்தில்
மின்னலைக் கேட்க முடியாது.
ஒருவரும் பேசாத இடத்தைத் தேடித் தேடி
பொட்டு வைத்திருக்கிறார்கள்.
வள்ளத்தில் போனவன் கேட்டதா?
அவனிடம் ஏது நகப்பாலிஷ்.
கரையில் விழித்திருந்தவள் கேட்டதா?
அவள் எத்தனை வரைக்கும் எண்ணினாள்?

கட்டை நாலும் சேர்ந்தால்
பெட்டி விலைக்குப் பக்கம் வருகிறது.
கம்பெனி பேர் கிடைத்ததா என்று
வில்பிரட் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறான்.
இல்லை என்கிறேன்.

இப்போது மூன்று மணிக்கு
இருட்டுக்குள்ளிருந்து றோஸ்லெட் கூப்பிடுவாள்:
"வெட்டலாமாட்டீ?"
பெட்டியில் காதை வைத்துவிட்டுச் சொல்வேன்:
"எழுவது மரத்துக்கு ஒண்ணுமில்ல.
அதுக்குப் பொறவு கேளு."